கனவில் வந்த பதக்கம்

கூரை ஓரத்துத் தகரத்தைப் பற்றிக்கொண்டு அந்தரத்தில் தொங்குகிறார் துப்பறியும் அதிகாரி ஸ்காட்டி. கைகொடுக்கக் குனிந்த சீருடைக் காவலர் பிடி நழுவி, அவரைத் தாண்டிக் கீழே விழுகிறார். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) இப்படித்தான் தொடங்குகிறது. ஸ்காட்டி எப்படிக் கீழே வந்தார் என்பதைப் படம் கடைசிவரை காட்டுவதில்லை. அவர் இன்னும் அங்கேயேதான் தொங்குகிறாரோ என்று தோன்றும்.

சட்டம் படித்தவர்; என்றாவது ஒருநாள் காவல்துறைத் தலைவராகிவிடலாம் என்று சேர்ந்தவர். உயரத்தைக் கண்டால் தலைசுற்றுகிறது என்று இப்போது வேலையை விட்டுவிட்டார். பழைய தோழி மிட்ஜின் வீட்டில் உட்கார்ந்து கைத்தடியோடு விளையாடிக்கொண்டிருக்கிறார். அந்தப் பழைய கனவைக் கேலியாக நினைவூட்டுபவளும் அவள்தான். இரவில் வருவதோ வேறு கனவு: அந்தக் காவலர் விழுந்துகொண்டே இருக்கிறார்.

கல்லூரித் தோழன் எல்ஸ்டர் தன் மனைவியைப் பின்தொடரச் சொல்கிறான். ஸ்காட்டி அவளிடம் மனதைப் பறிகொடுக்கிறார். தேவாலய மணிக்கூண்டில் அவள் ஏற, தலைசுற்றலால் அவர் பாதிப் படியில் நின்றுவிடுகிறார். அவள் கீழே விழுந்து இறக்கிறாள். அந்தத் தலைசுற்றலைத் திரையில் காட்டப் படிக்கட்டின் சிறு மாதிரியைச் செய்து பக்கவாட்டில் படுக்கவைத்தார்கள். கேமரா பின்னால் நகர, லென்ஸ் முன்னால் இழுத்தது. சில நொடிகளுக்கு ஆன செலவு 19,000 டாலர்.

சட்டம் ஸ்காட்டியைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனால் மரண விசாரணை அதிகாரி நயமாகப் பேசியே அவரைக் குத்திக் கிழித்துவிடுகிறார். பிறகு ஸ்காட்டி காணும் கெட்ட கனவை வடிவமைத்தவர் ஓவியர் ஜான் ஃபெரன். பூச்செண்டு இதழ் இதழாகச் சிதறுகிறது. விசாரணை நடந்த இடத்தில் எல்ஸ்டர் நிற்கிறான். பக்கத்தில், எல்ஸ்டரின் மனைவி பார்த்துக்கொண்டிருந்த அருங்காட்சியக ஓவியத்தில் இருந்த பெண் கார்லோட்டா உயிரோடு நிற்கிறாள். பார்வை அவள் கழுத்துப் பதக்கத்தை நெருங்குகிறது. பிறகு திறந்த கல்லறைக் குழி. இந்த முறை விழுவது ஸ்காட்டி.

'கடும் மனச்சோர்வு, குற்றவுணர்வு' என்று மருத்துவர் பெயர் சூட்டுகிறார். சரிதான். ஆனால் தண்டனையோடு கனவு ஒரு தடயத்தையும் கொடுத்திருக்கிறது: எல்ஸ்டர், ஒரு பெண், ஒரு பதக்கம். மூன்றும் ஒரே சட்டகத்தில். தடயம் படிப்பதே தொழிலாக இருந்தவருக்கு அது மட்டும் புரியவில்லை. பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டவர் வேறு குற்றவாளியை எப்படித் தேடுவார்?

மூலக்கதை, புவாலோ-நார்செஜாக் இரட்டையர் 1954இல் எழுதிய பிரெஞ்சு நாவல். அங்கே நாயகனின் ஊர் பாரிஸ். தமிழில் இந்தப் படத்தின் சாயலை எம்.ஜி.ஆர். நடித்த 'கலங்கரை விளக்க'த்தில் (1965) பார்க்கலாம்.

படத்தின் கடைசிப் பகுதியில், இறந்தவளைப் போலவே இருக்கும் ஜூடியை அவளாகவே உடுத்தி அலங்கரிக்கிறார் ஸ்காட்டி. சாப்பிட வெளியே கிளம்பும் நேரம். கண்ணாடி முன் நின்று சங்கிலியின் கொக்கியை மாட்டிவிடச் சொல்கிறாள். அவர் தடுமாறி மாட்டுகிறார். நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடியில் கார்லோட்டாவின் பதக்கம்.