பழைய கேமிங் கம்ப்யூட்டரை இன்னும் 2 ஆண்டுகள் ஓட்ட முடியுமா? எதில் செலவு செய்யலாம், எதில் கூடாது?

2017-18 வாக்கில் வாங்கிய கேமிங் கம்ப்யூட்டர் உங்கள் மேஜையில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறதா? புது கேம் போட்டால் திக்கித் திணறுகிறது, ஃபேன் சத்தம் பக்கத்து அறை வரை கேட்கிறது. 'பேசாம மொத்தமா மாத்திடலாமா?' என்ற யோசனை உங்களுக்கு வந்திருக்கும்.

ஆனால் மொத்தமாக மாற்ற இது நல்ல நேரம் அல்ல. ஏஐ தரவு மையங்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால், 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. மைக்ரான் நிறுவனம் நம் ஊரிலும் பலர் வாங்கிய 'க்ரூஷியல்' நுகர்வோர் பிராண்டிலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு எல்லாவற்றிலும் மெமரி சிப் இருப்பதால் இந்தச் சுமை அவற்றின் மீதும் விழுகிறது.

அதே நேரம், பழசை அப்படியே விட்டுவிடவும் முடியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. கேம் ஆடும் அதே கம்ப்யூட்டரில்தான் நெட் பேங்கிங்கும் அலுவலக வேலையும் பார்க்கிறீர்கள் என்றால், இது வேகத்தைப் பற்றிய பிரச்னை மட்டுமல்ல.

உதாரணத்துக்கு ஒரு மெஷினை எடுத்துக்கொள்வோம்: ரைசன் 5 1600 ப்ராசஸர், 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க். 2017-இல் இது நல்ல நடுத்தர செட்டப். ஸ்டீம் தளத்தின் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது இந்த 1060 கார்டுதான்.

முதலில் அளந்து பாருங்கள்

எந்தப் பாகம் இழுக்கிறது என்று தெரியாமல் காசைப் போட்டால் அது வீண். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளைப் போட்டு, வழக்கமாக ஆடும் கேமை அரை மணி நேரம் ஆடுங்கள். மூன்று எண்களைக் கவனியுங்கள்.

- கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறதா? அப்படியானால் தடை கார்டில்தான்.
- கார்டு 60-70 சதவீதத்திலேயே சும்மா இருக்க, ஃபிரேம் மட்டும் குறைகிறதா? ப்ராசஸர் அல்லது ரேம்தான் காரணமாக இருக்கும். ப்ராசஸரின் மொத்தப் பயன்பாடு 40 சதவீதம் என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். ஒரே ஒரு கோர் முழுசாக நிரம்பியிருந்தாலே கேம் தடுமாறும்.
- வெப்பநிலை ஏற ஏற வேகம் இறங்குகிறதா? அப்படியென்றால் புதுப் பாகம் எதுவுமே தேவைப்படாமல் போகலாம்.

செலவே இல்லாமல் என்ன செய்யலாம்?

முதல் எதிரி தூசி. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கைகள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, ப்ளோயரால் ஊதுங்கள். ஏழெட்டு வருடம் ஆகியிருந்தால் ப்ராசஸர் மேல் இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருக்கும். ஒரு சின்ன ட்யூப் பேஸ்ட்டுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அறையே 38 டிகிரியில் கொதிக்கும் நம் ஊர் கோடையில் இந்த வேலைக்குப் பலன் அதிகம்.

இரண்டாவது, பயாஸில் 'எக்ஸ்எம்பி' அமைப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் ஆகாவிட்டால் 3200 வேகத்துக்கு வாங்கிய ரேம் 2133 அல்லது 2400-லேயே ஓடிக்கொண்டிருக்கும். கொடுத்த காசுக்கு வேகம் கிடைக்காமலே இத்தனை வருடம் போயிருக்கலாம்.

மூன்றாவது, கேம் செட்டிங்ஸ். எல்லாவற்றையும் 'லோ'வில் தள்ள வேண்டியதில்லை. ஷேடோ, வால்யூமெட்ரிக் புகை, ரிஃப்ளெக்ஷன் ஆகிய மூன்றையும் முதலில் குறையுங்கள். கார்டில் மெமரி மிச்சமிருந்தால் டெக்ஸ்சரை உயரத்திலேயே வைக்கலாம், அது வேகத்தை அவ்வளவாகக் குறைக்காது.

நான்காவது, அப்ஸ்கேலிங். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் மட்டுமே ஓடும். ஆனால் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 1, 2, 3 பதிப்புகள் 1060 போன்ற பழைய கார்டுகளிலும் ஓடும். 1080பி திரையில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சுமார் 20.7 லட்சம் பிக்சல் வரைய வேண்டும். எஃப்எஸ்ஆர் 'குவாலிட்டி' நிலையில் கார்டு 720பி-யில், அதாவது 9.2 லட்சம் பிக்சல் மட்டும் வரைந்து, மீதியை ஊகித்து நிரப்புகிறது. வரையும் வேலை பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், ஆனால் கேம் ஓடும்.

காசு போடுவதென்றால் எந்த வரிசையில்?

1. எஸ்எஸ்டி. ஹார்ட் டிஸ்க்கின் வேகம் நொடிக்கு 100-200 எம்பி. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே 500 எம்பியைத் தாண்டும். ஸ்டார்ஃபீல்டு, பால்டர்ஸ் கேட் 3 போன்ற கேம்கள் எஸ்எஸ்டி வேண்டும் என்றே கேட்கின்றன.

2. ரேம். 8 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால், அதேபோல இன்னொன்று சேர்த்து 16 ஆக்குங்கள். இரண்டு குச்சிகள் சேர்ந்தால் டூயல் சேனலில் ஓடும், அதனாலேயே வேகம் கூடும். விலை ஏற்றத்தால் செகண்ட் ஹேண்ட் டிடிஆர்4-ஐயும் விசாரித்துப் பார்க்கலாம்.

3. ப்ராசஸர். நம் உதாரண மெஷினுக்கு இங்கேதான் அதிர்ஷ்டம். ரைசன் 1600 உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டிலேயே, பயாஸை அப்டேட் செய்தால் பல போர்டுகளில் ரைசன் 5 5600-ம் உட்காரும். 1600 விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, 5600 இருக்கிறது. ஒரே மாற்றத்தில் வேகம், பாதுகாப்பு இரண்டும் சரியாகிறது. உங்கள் போர்டுக்கு அந்த பயாஸ் வந்திருக்கிறதா என்று தயாரிப்பாளர் தளத்தில் பார்த்த பிறகே வாங்குங்கள். பயாஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போனால் போர்டே செத்துவிடலாம், அதனால் யுபிஎஸ் கட்டாயம்.

இன்டெல் 7-ஆம் தலைமுறை வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை. 8-ஆம் தலைமுறைக்கு வேறு போர்டு வேண்டும்.

4. கிராஃபிக்ஸ் கார்டு. இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், செலவு அதிகம் என்பது மட்டுமல்ல. பழைய ப்ராசஸரோடு புதுக் கார்டைச் சேர்த்தால் அதன் முழு வேகம் கிடைக்காது. குறிப்பாக இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு 'ரீசைசபிள் பார்' வசதி இல்லாத பழைய போர்டு சரிப்படாது. ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டு 132 வாட்தான் எடுக்கும். 1060-இன் 120 வாட்டோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை, நல்ல 450 வாட் பவர் சப்ளை இருந்தால் போதும்.

பெயர் தெரியாத மலிவு பவர் சப்ளை உள்ளே இருந்தால் மட்டும் இந்த வரிசையை மறந்துவிட்டு, அதை முதலில் மாற்றுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு நேரு பிளேஸில் வாங்கினாலும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் விதி ஒன்றுதான்: கண் முன்னால் 20 நிமிடம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

எப்போது நிறுத்திக்கொள்ள வேண்டும்?

சில கதவுகள் செட்டிங்ஸ் குறைத்தாலும் திறக்காது. 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 'டூம்: தி டார்க் ஏஜஸ்' இரண்டும் ரே டிரேஸிங் வசதி உள்ள கார்டு இல்லாமல் ஓடாது. 'பேட்டில்ஃபீல்டு 6' செக்யூர் பூட் கேட்கிறது. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கான புது கேம் டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபருடன் நிறுத்திக்கொண்டது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறது.

ஆகவே, நீங்கள் ஆட விரும்பும் கேம்களின் பட்டியலை எழுதிப் பாருங்கள். அதில் பாதிக்கு மேல் இப்படி மூடிய கதவுகள் என்றால், பழசில் போடும் பணம் தண்ணீரில் போட்டது போல. வாலரண்ட், சிஎஸ் 2, ஜிடிஏ 5 மாதிரி கேம்கள்தான் அதிகம் என்றால் தைரியமாகச் செலவு செய்யலாம். மொத்தச் செலவு புது மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி, நல்ல பவர் சப்ளை போன்றவை நாளை புது மெஷினுக்கும் மாறிப் போகும் என்பதால் அவற்றில் போட்ட காசு வீணாகாது.

விண்டோஸ் 10-லேயே இருக்கப் போகிறீர்களா? மைக்ரோசாஃப்ட்டின் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம். அதற்குப் பிறகும் அதிலேயே தொடர்வதென்றால், வங்கிக் கணக்கை அந்த மெஷினில் திறக்காதீர்கள்.

கடைசியாக, கழற்றிய பாகங்களைக் குப்பையில் போட வேண்டாம். 2022-இல் உலகம் கொட்டிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம் மட்டுமே. உங்களுக்குப் பழசாகிப்போன 1060 கார்டு, கார்டே இல்லாமல் காத்திருக்கும் ஒரு கல்லூரி மாணவருக்குப் புதுசுதான். நியாயமான விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.