மச்சுக்கு மேலே மூன்று காலைகள்

பங்குனி பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் சமவெளியில் வீடுகளே அடுப்பாகிவிடுகின்றன என்பதை வாசக அன்பர்கள் அறிவர். இராசிபுரத்தை அடுத்த எங்கள் ஓட்டு வீட்டின் நடு அறையில், பலகை மச்சின் கீழே, 78 வயதான அம்மா கட்டிலோடு இருக்கிறார்கள். சென்ற ஆண்டு சித்திரையில் ஒரு பிற்பகல் அவர்களுக்குப் பேச்சுத் தடுமாறியது, உடல் கொதித்தது, நினைவு தப்பியது. ஈரத்துணி போர்த்தி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். வெயிலின் தாக்குதல் என்றார் மருத்துவர். முற்றத்திற்குக்கூட வராதவருக்கு வெயிலா என்று திகைத்தோம். "கூரைக்குக் கீழேயும் வெயில் உண்டு" என்றார் அவர்.

2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் அடித்த வெப்ப அலையில், வழக்கத்தைவிட 1,300-க்கும் அதிகமானோர் இறந்தனர். 2013-இல் அந்நகரம் வெப்பத்திற்கென ஒரு செயல்திட்டம் வகுத்தது. 2017 முதல் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளையடிக்கவும் முற்பட்டது. நம் மாநில அரசும் 2024-இல் வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்து, இறந்தோர் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நிவாரணத்திற்கு முந்திய வேலை எங்கள் வீட்டு மச்சின்மேல் காத்திருந்தது.

வெயிலில் காய்ந்த ஓடு தன் வெப்பத்தைக் கீழ்நோக்கி வீசுகிறது. அதை மச்சுப் பலகை வாங்கி அறைக்குள் இறக்குகிறது. இடையில் பளபளப்பான அலுமினியத்தாளைக் கட்டினால் வெப்பம் வெகுவாகக் குறையும். ஆனால் தாளை ஒட்டி வெற்றிடம் இருக்க வேண்டும். பளபளப்பும் கீழ்நோக்கியிருப்பது நல்லது; மேல்நோக்கி விரித்தால் சில மாதத்துத் தூசி அதன் பயனைக் கெடுத்துவிடும்.

கூலியாள் அமர்த்தப் பணமில்லை. எனவே நாங்கள் இருவருமே ஏறினோம். முதலில் மின்சாரத்தை நிறுத்தினோம். அதுவே நல்லதாயிற்று, மச்சின்மேல் ஓடிய பழைய ஒயரை எலி கடித்துச் செம்பு தெரிந்தது. விடியுமுன் ஐந்து மணிக்கு ஏறி எட்டரைக்கு இறங்கிவிட வேண்டும். அதற்குமேல் அங்கே மூச்சுவிட இயலாது. நிமிர்ந்தால் தலை கைமரத்தில் இடிக்கும். தவழ்ந்தால் முழங்கால் தேயும். நாற்பதாண்டுத் தூசியும், எலிப்புழுக்கையும், ஒட்டடையும், குளவிக்கூடும் வரவேற்றன. மூக்கில் ஈரத்துண்டு கட்டியும் இருவரும் இரண்டு நாள் கறுப்பாய்ச் சளி துப்பினோம். பாட்டியின் குந்தாணியைப் புரட்டியபோது தேள் ஒன்று ஓடியது. (குந்தாணியை மச்சுக்கு ஏற்றியவர் யார், எப்படி ஏற்றினார் என்பது இன்றளவும் புதிர்.)

இரண்டாம் நாள் ஒரு பலகை முறிந்து, கால் தொடைவரை இறங்கிவிட்டது. கீழே அம்மா, "என்னைக் காப்பாத்தப் போயி நீங்க விழுந்து வெச்சுராதீங்க கண்ணு" என்று அழுதார்கள். அதன்பின் உத்தரங்களின் குறுக்கே தடித்த பலகை போட்டு, அதன்மேலேயே நகர்ந்தோம். முன்பே செய்திருக்க வேண்டியது.

எங்கள் பெரும் பிழை மூன்றாம் நாள் நேர்ந்தது. ஆடிக்காற்றில் சோற்றில் மண் விழும் தொல்லையை எண்ணி, இறவாணத்து இடுக்குகளையும் முகட்டோட்டுச் சந்துகளையும் சாக்கும் களிமண்ணும் கொண்டு அடைத்துவிட்டோம். அன்றிரவு அறை முன்னிலும் புழுங்கியது. நள்ளிரவில் அம்மாவைக் கட்டிலோடு திண்ணைக்குத் தூக்கினோம். மறுநாள் ஓடு மேயும் முதியவர் ஒருவர் வந்து பார்த்துச் சிரித்தார். "வாயும் மூக்கும் கட்டிப்புட்டீங்களேங்க!" குளிர்நாட்டார் சூட்டைக் காக்க இடுக்கை அடைப்பார்கள். இங்கோ மச்சின்மேல் தேங்கும் அனல் முகடு வழியாக வெளியேற வேண்டும். இறவாணம் வழியாகப் புதுக்காற்று புக வேண்டும். அடைத்ததையெல்லாம் பிடுங்கிவிட்டு, எலி நுழையாத சிறுகண் கம்பிவலை அடித்தோம். மச்சுப் பலகைகளின் இடுக்குகளை மட்டும் துணிப்பட்டை வைத்து மூடினோம். மண் விழுவது அதனாலேயே நின்றது.

பின்கட்டுச் சமையலறை காங்கிரீட் தளம். பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் உமிழ்வது. அதற்குக் கல்சுண்ணாம்பைத் தாளித்து, ஓரிரவு ஆறவைத்து, வடிகட்டி, கஞ்சி சேர்த்து இருமுறை பூசினோம். தாளிக்கையில் சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. குழந்தைகளை அண்டவிடலாகாது. பூசிய வெள்ளை ஐப்பசி மழையில் கரைந்துவிடும். ஆண்டுதோறும் பூச வேண்டியதே. நாமக்கல் கோழிப்பண்ணையாளர் கோடையில் கொட்டகைக் கூரைக்கு நீர் தெளிக்கிறார்கள். கோழிக்குக் கிட்டும் அந்த உபசாரம் நம் வீட்டு முதியோருக்குக் கிட்ட இத்தனை காலமாயிற்றே என்று வெட்கப்பட்டோம்.

ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்த வீட்டார் எங்களைப் பின்பற்றித் தகட்டில் துளையிடவோ, அதைத் தேய்த்துக் கழுவவோ வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. மேலே ஏறினால் தகடும் உடையும்.

இந்தச் சித்திரையில் பிற்பகல் மூன்று மணிக்கு மச்சுப்பலகையைக் கீழிருந்து தொட்டுப் பார்த்தோம். கை பொறுத்தது, சென்ற ஆண்டு பொறுக்கவில்லை. அம்மா அந்நேரம் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். முறிந்த பலகைக்கு மாற்று இன்னும் போடவில்லை. அவர்கள் விழித்ததும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.