ஒரு சிப்பில் ஒண்டுக்குடித்தனம்

2015ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து நெடுஞ்சாலையில் ஜீப் செரோக்கி கார் ஒன்றை ஓட்டிச் சென்ற பத்திரிகையாளர் ஒருவர், தம் கை படாமலேயே குளிர்காற்று வீசுவதையும், வானொலி அலறுவதையும், கண்ணாடித் துடைப்பான்கள் ஆடுவதையும் பார்த்துக்கொண்டிருக்கையில், காலால் எவ்வளவு அழுத்தியும் வேகம் ஏறாமல் வண்டி தளர்ந்துபோயிற்று. அவருடைய சம்மதத்துடனேயே, சுமார் பத்து மைலுக்கு அப்பால் ஒரு வீட்டில் உட்கார்ந்தபடி இந்த விபரீதத்தை நிகழ்த்திக் காட்டியவர்கள் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இரு நிபுணர்கள். அதன் பயனாக 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சீர்செய்ய நேரிட்டது.

அந்த வண்டியில் தடுப்பே இல்லாமலிருந்தது என்று நினைப்பது தவறு. பாட்டுக்கும் வழிகாட்டும் படத்துக்கும் உரிய கணினி செல்பேசி வலையின் வழியே இணையத்தோடு பேசிற்று; அதற்கும், எஞ்சினும் பிரேக்கும் செய்தி பரிமாறும் தடத்துக்கும் நடுவே வேறொரு சிப் காவல் நின்றது; அதன் மூலம் செய்திகளைப் படிக்கலாமேயன்றி ஆணையிட முடியாது. ஆனால் காவலனின் மூளையையே அழித்து வேறொன்றை எழுதியபோது, எழுதியவர் யார் என்று கேட்க அங்கே ஒருவருமில்லை.

இன்று இந்தப் பிரச்சினை இன்னும் நெருக்கமாகிவிட்டது. வண்டிக்குள் தனித்தனியே கிடந்த கணினிகளைச் செலவும் எடையும் கருதி ஒரே சிப்பில் சேர்க்கிறார்கள். ஒரு பக்கம் பாட்டுக்கு ஆண்ட்ராய்டு, மறுபக்கம் வேகமானிக்கு வேறொரு இயங்குதளம். இவற்றுக்கு இடம் பிரித்துக் கொடுத்து, ஒருவர் பங்கில் மற்றவர் கால் வைக்காமல் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்காரருக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். 1972இல் ஐ.பி.எம். வெளியிட்ட விஎம்/370 முதலிய பெருங்கணினி முறைகளில் பழகிய வித்தைதான் இது. இப்போது உள்ளங்கையில் அடங்கும் சிப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வீட்டுக்காரரின் முதல் லட்சணம் சிறுமை. லினக்ஸ் போன்று கோடியைத் தாண்டிய வரிகள் கொண்ட ஒன்றில் பிழையே இல்லையென்று யாரும் சத்தியம் செய்ய இயலாது. ஆஸ்திரேலியாவின் நிக்டா ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய எஸ்.இ.எல்.4 என்னும் நுண்கருவோ, அதாவது இயங்குதளத்தின் சுருங்கிய மையமோ, சுமார் 8,700 வரிகளே உடையது. தனக்கு வகுத்த இலக்கணத்திலிருந்து அது வழுவாது என்பதை 2009இல் கணித நிரூபணமாகவே காட்டிவிட்டார்கள். பின்னர் போயிங்கின் லிட்டில் பேர்ட் என்ற ஆளில்லா ஹெலிகாப்டரில் அதை அமர்த்தி, கேமராவை நடத்தும் பகுதியைத் தாக்குதல் நிபுணர்களிடம் வலிய ஒப்படைத்துச் சோதித்தபோது, அவர்களால் அந்த அறையைவிட்டு வெளியேற முடியவில்லை.

இரண்டாவது லட்சணம், பிறப்பின் தூய்மை: சாதனம் உயிர்பெறும் ஒவ்வொரு முறையும், அழிக்கவொண்ணாத நினைவகத்தில் தொடங்கி, ஒவ்வோர் அடுக்கும் அடுத்த அடுக்கின் கையொப்பத்தைப் பரிசோதித்த பிறகே அதற்கு இடம்விட வேண்டும். ஜீப்பில் இல்லாமற்போனது இதுதான்.

மூன்றாவது, தலையிடாமை. எதற்கெடுத்தாலும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் வேலை நடக்காது. ஆகையால் சிப்புகளை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் 2010இல் அறிவித்த மெய்நிகர் வசதிகளில், நினைவக முகவரியை இரண்டு கட்டமாக மாற்றும் பொறுப்பைச் சிப்பே ஏற்றுக்கொண்டது.

ஆயினும் சுவர் எழுப்பியும் பொதுவாகவே நின்றுவிடும் அடுக்களை ஒன்று உண்டு. அடிக்கடி வேண்டிய தரவுகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் கேஷ் நினைவகம் அது. பாட்டுக்காரர் அலமாரியை நிரப்பினால் பிரேக்குக்காரரின் பாத்திரம் வெளியேறிவிடும். அதை மறுபடி கொண்டுவரத் தாமதமாகும். அந்தத் தாமதத்தை அளந்தே அண்டை வீட்டு ரகசியத்தை ஊகிக்கும் வித்தையும் உண்டு. நினைவகப் பக்கங்களுக்கு வர்ணம் வகுத்து, ஒவ்வொரு வர்ணத்துக்கும் அலமாரியில் தனித் தட்டு ஒதுக்கினால், தாமதம், ஒற்று என்னும் இரண்டு உபத்திரவங்களும் பெரும்பாலும் ஒருசேர அடங்குகின்றன. அண்டை வீட்டார் ஊரில் இல்லாதபோதும் அவர் தட்டைத் தொடலாகாது என்பதால் சராசரி வேகம் சற்றே குறையும் என்பது மெய்தான். ஆனால் பிரேக்குக்கு வேண்டியது சராசரி வேகமன்று. எந்தக் கணத்திலும் தவறாத வேகம்.