பழைய மாருதிக்குள் ஒரு குக்கர்

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோனது. ஆனாலும் அப்பா வாங்கி, அக்கா ஓட்டிப் பழகி, இப்போது தம்பியின் கைக்கு வந்திருக்கும் 800-கள் இன்றும் எத்தனையோ வாசல்களில் நிற்கின்றன. அப்படி ஒரு வண்டி உங்களுக்கு வந்து சேர்ந்தால் பெயின்டும் சீட் கவரும் பிறகு இருக்கட்டும். முதலில் இன்ஜின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் பழைய இன்ஜினையும் ஒரே மதியத்தில் தீர்த்துவிடக்கூடியது சூடு. அதைத் தடுத்து நிற்கும் முதல் காவல் இந்தச் சின்ன மூடி.

இது எப்படி வேலை செய்கிறது என்பது சமையலறையில் நிற்கும் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் போகும், சூடு ஏறாது. குக்கரை மூடி வெயிட்டைப் போட்டால் உள்ளே அழுத்தம் கூடி, தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 120 டிகிரி ஆகிறது. ரேடியேட்டர் மூடியும் ஒரு வெயிட்தான். பல சிறிய கார்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பார்கள். சதுர சென்டிமீட்டருக்கு அத்தனை கிலோ அழுத்தம் வரை அது திறக்காது. வீட்டுக் குக்கர் தாங்குவதும் கிட்டத்தட்ட அதே அழுத்தம். 0.9 மூடி சரியாக உட்கார்ந்திருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும்.

நோக்கம் மட்டும் நேரெதிர். குக்கரில் பருப்பு வேக வேண்டும் என்பதற்காகச் சூட்டை ஏற்றுகிறோம். காரில் தண்ணீர் கொதிக்கவே கூடாது என்பதற்காக அழுத்துகிறோம். தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும் வரை உலோகத்தின் சூட்டை அது வாங்கிக்கொண்டு போகும். கொதித்து, ஓரிடத்தில் ஆவி தேங்கிவிட்டால் அந்த இடம் அப்படியே காய்கிறது. மாருதியின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். அதிகம் காய்ந்தால் வளைந்துவிடும். வளைந்த ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் வழிவிட, தண்ணீர் ஆயிலோடு கலக்கும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். பிறகு ஹெட்டைக் கழற்றி, லேத்துக்கு அனுப்பி, ஃபேஸிங் செய்து மாட்ட வேண்டியதுதான். ஒரு மூடியின் விலையை இந்தச் செலவுக்குப் பக்கத்தில் வைக்கக்கூட முடியாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது மூடியின் அருமை இன்னும் தெரியும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். மூடி ஒழுங்காக அழுத்தாத கார், மூச்சு வாங்கி மலையேறும் அதே நேரத்தில், சமவெளியில் கொதிக்காத சூட்டிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும்.

குக்கர் மூடிக்கு இல்லாத ஒரு வேலையும் இதற்கு உண்டு. அழுத்தம் மிஞ்சினால் மூடியின் பெரிய வால்வ் திறந்து, கூலன்ட் ஓரத்துப் பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் போகும். இன்ஜின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாக, நடுவில் இருக்கும் சின்ன வால்வ் திறந்து, போனதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பாட்டில் நிரம்பி, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தால் மூடியின் ரப்பரைச் சந்தேகியுங்கள். கூலன்டுக்குப் பதில் காற்றை இழுக்கிறது. காலையில் மேல் ஹோஸ் சப்பி ஒட்டிக்கிடந்தால் சின்ன வால்வ் அடைத்திருக்கலாம். குக்கர் கேஸ்கெட் இறுகிப்போனால் யோசிக்காமல் மாற்றுகிறோமே, இந்த ரப்பருக்கும் அதே மரியாதை வேண்டும். வாங்கும்போது பழைய மூடியில் பொறித்திருக்கும் அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதிக அழுத்த மூடியைப் போட்டால் வயதான ஹோஸ்தான் முதலில் வெடிக்கும்.

போர்வெல் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள். குக்கரின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். பழைய பித்தளை ரேடியேட்டராக இருந்தால் டேங்கைப் பிரித்து, கம்பி விட்டுத் தூர் எடுத்து, ஈயம் வைத்துத் தருவார்கள். அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் கொதிநிலையும் கூடும், துருவும் பிடிக்காது.

சில மெக்கானிக்குகள் ‘நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு சார்?’ என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். எனக்கு இதில் சம்மதமே இல்லை. அதன் உள்ளே இருக்கும் மெழுகு 80 டிகிரியைத் தாண்டியதும் உருகி விரிந்து வழியைத் திறக்கும். அதுவரை இன்ஜின் சீக்கிரம் சூடேறட்டும் என்று தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் நிறுத்திவைக்கும். அது இல்லாத இன்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகிப் போகாது.

சூடு எங்கே ஏறுகிறது என்பதைக் கவனித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். சிக்னலில் ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன் சுற்றவில்லை; சுவிட்சையும் வயரையும் பாருங்கள். ஊருக்குள் சரியாக இருந்து, நெடுஞ்சாலையில் ஏறினால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். சூட்டைக் காட்டும் முள் திடீரென்று கீழே விழுந்தாலும் நிம்மதி அடையக் கூடாது. தண்ணீரே தீர்ந்து, சென்சார் ஆவியில் நிற்கிறதோ என்னவோ.

வழியில் ரேடியேட்டர் ஒழுகினால் பழைய டிரைவர்கள் மஞ்சள் தூளைப் போடுவார்கள். சிறு ஓட்டை அடைபடும். அடுத்த ஊர் வரை போக அது போதும். பிறகு முழுவதும் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் அதுவே அடைப்பாகும்.

முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். மூடியில் கை வைக்காதீர்கள். பிரஷர் அடங்காத குக்கரைத் திறப்பதும் இதுவும் ஒன்று. நூறு டிகிரியைத் தாண்டிய தண்ணீர் அந்த நொடியே ஆவியாகி முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது பொறுங்கள். மேல் ஹோஸ் கைக்குச் சுடாமல் தளர்ந்த பிறகு, துணியை வைத்து மூடியை முதல் திருப்பு மட்டும் திருப்பி, மிச்ச ஆவியைப் போக விட்டு, அப்புறம் எடுங்கள். பச்சைத் தண்ணீரை மொத்தமாகக் கொட்டாமல், இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.