பேசும் முன் படிக்கும் கூட்டம்

பெரிய தொழிலதிபர்களின் பழக்கம் என்றாலே விடியற்காலையில் எழுவதைத்தான் சொல்கிறோம். பால்காரரும் அப்போதுதான் எழுகிறார். கவனிக்க வேண்டியது, அவர்கள் முடிவெடுக்கும் முறை. அமேசானின் ஜெஃப் பெசோஸ் 2004-இல் மூத்த நிர்வாகிகளின் கூட்டங்களில் பவர்பாயின்ட்டுக்குத் தடை போட்டார். அதற்குப் பதிலாக வந்தது, முழு வாக்கியங்களில் எழுதிய ஆறு பக்கக் குறிப்பு. கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் அதை அங்கேயே மௌனமாகப் படிப்பார்கள், பேச்சு பிறகுதான். பவர்பாயின்ட்டின் துண்டு துண்டான வரிகளில் வாதத்தின் ஓட்டையை மறைத்துவிடலாம். 'ஆகையால்' என்று எழுதினால் காரணம் சொல்லியாக வேண்டும். முன்கூட்டியே படித்துவரச் சொல்லலாமே? படிக்காமலே படித்ததுபோல் தலையாட்டுவது நிர்வாகிகளுக்கும் கைவந்த கலை.

ஜெயித்தவரை மட்டும் பார்த்து அவர் பழக்கத்தைப் புகழலாமா, அதே பழக்கத்தோடு தோற்றவர்கள் கண்ணில் படுவதில்லையே என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். அமேசானே 2014-இல் ஃபயர் போன் என்ற தன் கைபேசியில் சறுக்கியது; அதையொட்டி சுமார் 17 கோடி டாலரை நட்டமாக எழுதியது. ஆறு பக்கம் அதைத் தடுக்கவில்லை. சாமர்த்தியமான பேச்சில் மயங்கி எடுக்கும் முடிவுகளை இந்தப் பழக்கம் குறைக்கும், அவ்வளவே. ஃபயர் போனோ பெசோஸே ஆசைப்பட்டு முன்னின்று நடத்திய திட்டம். முதலாளியின் ஆசைக்குக் குறுக்கே காகிதம் எவ்வளவு நேரம் நிற்கும்?