உடல்நலப் பழக்க மாற்றத்தின் படிநிலைகள்: ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தீய பழக்கத்தைக் கைவிடுதலும் நற்பழக்கத்தை மேற்கொள்ளுதலும் ஒரே நாளில் நிகழ்வன அல்ல. படிப்படியாக நிகழ்வன என்பது படிநிலை மாற்றக் கோட்பாட்டின் மையக் கருத்தாகும். அப்படிநிலைகளையும், தமிழகச் சூழலில் அவை பயன்பட்ட முறையையும், அவற்றின் வரம்புகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: பழக்க மாற்றம், படிநிலைகள், புகைத்தல், நீரிழிவு, நலவாழ்வுப் பணி.

முன்னுரை

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊராகும். பீங்கான் கலவையில் இடம்பெறும் படிகக்கல்லின் நுண்தூசியில் சிலிக்கா உள்ளது. அதனை நெடுங்காலம் சுவாசிப்பது நுரையீரலைப் பழுதாக்கும். அதனோடு புகைப்பழக்கமும் சேருமாயின் கேடு மிகும். எனவே விருத்தாசலத்திலும், கருவேப்பிலங்குறிச்சி போன்ற சுற்றுப்புற ஊர்களிலும் பீங்கான் தொழிலால் வாழும் ஒருவருக்குப் பீடியை விடுதல் உயிர்காக்கும் செயலாகும். ஆயினும், ‘புகைக்காதீர்’ என்னும் ஒரே அறிவுரை எல்லாரிடத்தும் ஒரே பயனைத் தருவதில்லை. இதற்கான காரணத்தைப் படிநிலைக் கோட்பாடு ஆராய்கின்றது.

கோட்பாடும் படிநிலைகளும்

அமெரிக்க உளவியலாளர்களான ஜேம்ஸ் புரோசாஸ்கா, கார்லோ டிகிளெமென்டி ஆகிய இருவரும் புகைப்பழக்கத்தைத் தாமாகவே மாற்றிக்கொள்ள முயன்ற 872 பேரை ஆராய்ந்து 1983இல் ஓர் ஆய்வுரையை வெளியிட்டனர். பின்னர் செம்மை செய்யப்பட்ட அக்கோட்பாடு ஐந்து படிநிலைகளைச் சுட்டுகின்றது.

1. எண்ணாநிலை: அடுத்த ஆறு மாதங்களுக்குள் மாறும் நோக்கம் இல்லாத நிலை. ‘என் தந்தையும் பிடித்தார், எண்பது வயது வரை இருந்தார்’ என்பது இந்நிலையில் இருப்போர் கூறத்தக்க மறுமொழியாகும்.

2. எண்ணும் நிலை: ஆறு மாதங்களுக்குள் மாற வேண்டும் என்று கருதும் நிலை. இருமலைக் கண்டு அஞ்சுவர். பீடி தரும் ஆறுதலையும் இழக்க மனம் வராது. இத்தயக்கம் நெடுநாள் நீடிக்கக்கூடும்.

3. ஆயத்த நிலை: ஒரு மாதத்திற்குள் தொடங்குவதாக முடிவுசெய்து, நாள் குறித்தல், எண்ணிக்கையைக் குறைத்தல் முதலிய சிறு முயற்சிகளில் இறங்கும் நிலை.

4. செயல்நிலை: பழக்கத்தை விட்டு ஆறு மாதங்கள் நிறைவுறாத நிலை.

5. பேணும் நிலை: ஆறு மாதங்களைக் கடந்து, மாற்றத்தை நிலைநிறுத்தும் நிலை.

மீண்டும் பழக்கத்திற்குத் திரும்புதல் எந்நிலையிலும் நேரலாம். அதனைத் தோல்வியாகக் கொள்ளாது, அடுத்த முயற்சிக்கான பட்டறிவாகக் கொள்வது இக்கோட்பாட்டின் சிறப்பாகும். எனவே எண்ணாநிலையில் இருப்பவரிடம் நாள் குறிக்குமாறு வற்புறுத்துவதும், ஆயத்தமாகிவிட்டவரிடம் புகையின் தீமைகளையே மீண்டும் கூறுவதும் பொருந்தா என்பது பெறப்படும்.

தமிழகத்தில் ஒரு பயன்பாடு

சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2009 முதல் 2012 வரை தென்கிழக்கு இந்தியாவில் பத்து இடங்களில் ஓர் ஆய்வை நடத்தினர். நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுந்த, 35 முதல் 55 வயது வரையிலான, பணிபுரியும் ஆண்கள் 537 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். இரு பிரிவினரும் தொடக்கத்தில் உணவு, உடலுழைப்பு பற்றிய அறிவுரை பெற்றனர். ஒரு பிரிவினருக்கு மட்டும், படிநிலைக் கோட்பாட்டை அடியொற்றிய குறுஞ்செய்திகள் கைப்பேசி வழியே தொடர்ந்து அனுப்பப்பட்டன. குறுஞ்செய்தி பெற்ற 271 பேரில் 50 பேருக்கும் (18%), பெறாத 266 பேரில் 73 பேருக்கும் (27%) நீரிழிவு தோன்றியது. செலவு குறைந்த ஒரு வழியால் இத்தகைய வேறுபாடு கிட்டியது குறிப்பிடத்தக்கது.

வரம்புகள்

எனினும், இம்முடிவு படிநிலைக் கோட்பாட்டை மெய்ப்பித்துவிட்டது எனக் கொள்ளலாகாது. ஒரு பிரிவினர் தொடர்ந்து நினைவூட்டப்பட்டனர். மற்றவர் அவ்வாறு நினைவூட்டப்படவில்லை. ஆகவே பயன் விளைந்தது படிநிலைப் பொருத்தத்தாலா, இடையறாத நினைவூட்டலாலா என்பதை இவ்வாய்வு கொண்டு பிரித்தறிய இயலாது. புகைப்பழக்கத்தைக் கைவிடச்செய்யும் முயற்சிகளைத் தொகுத்து நோக்கிய 2010ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும், படிநிலைக்கேற்ப வகுத்த உதவி பிற உதவிகளைவிட மேம்பட்டதாகவோ தாழ்ந்ததாகவோ இல்லை என்றே கண்டது. ஆறு மாதம், ஒரு மாதம் என்னும் கால எல்லைகள் செயற்கையானவை என்று இராபர்ட் வெஸ்ட் 2005இல் மறுத்துரைத்தார். திட்டமிடாமல் திடீரெனப் பழக்கத்தை விடுவோரும் உளர்.

முடிவுரை

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை இல்லம் தேடி வழங்கும் அத்திட்டத்தின் தன்னார்வலர்களைப் போன்றோர்க்குப் படிநிலைகள் உரையாடலைத் தொடங்கும் கருவியாக உதவும். ‘விடுவது பற்றி எப்போதாவது எண்ணியதுண்டா?’ என்று வினவி, கிடைக்கும் விடைக்கேற்பப் பேசுதல் பயனுடையது. ஆயின், ‘இவர் இன்னும் எண்ணாநிலையில் உள்ளார்’ என முத்திரையிட்டு உதவியை நிறுத்திவிடுதல் பெருந்தவறாகும். உதவியை எல்லார்க்கும் அளித்து, பேசும் முறையை மட்டும் ஆளுக்கேற்ப அமைத்துக்கொள்வதே இக்கோட்பாட்டின் தக்க பயன்பாடு எனலாம். பீங்கான் தொழிலாளர்க்கோ தூசியைக் கட்டுப்படுத்தும் கடமையும் தொழிற்கூடத்தாரிடம் எஞ்சியுள்ளது. தனிமனிதர் பழக்கத்தை மாற்றிக்கொள்வது அதற்கு ஈடாகாது.