கூண்டுப் பறவையிலிருந்து அடையாள அட்டை நாய் வரை

இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796-ல் 'ரிட்ரீட்' என்ற மனநலக் காப்பகம் திறக்கப்பட்டது. அதற்குக் காரணம் ஒரு மரணம். அதே ஊரின் பழைய மனநோயர் விடுதியில் 1790-ல் சேர்க்கப்பட்ட க்வேக்கர் என்ற கிறிஸ்தவச் சபைப் பெண் ஒருவர் சில வாரங்களிலேயே இறந்துபோனார். பார்க்கப் போன சபையாரை உள்ளே விடவில்லை. தேயிலை வணிகரான வில்லியம் டியூக், இனி நம்மவர்களுக்கு நாமே இடம் அமைப்போம் என்று சபையாரைத் திரட்டினார். மனம் பேதலித்தவர்களைச் சங்கிலியால் கட்டிப் போடுவது வழக்கமாக இருந்த காலம் அது. டியூக்கின் காப்பகத்து முற்றங்களிலோ முயல்கள் ஓடின, கோழிகள் மேய்ந்தன. கடற்காகங்களும் வல்லூறுகளும்கூட இருந்தன. அவருடைய பேரன் சாமுவேல் டியூக், இந்த உயிர்கள் நோயாளிகளுக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல என்று 1813-ல் எழுதினார். அவற்றோடு பழகப் பழக, பிறரிடம் ஒட்டும் குணமும் இரக்கமும் சிலரிடம் மறுபடி விழிப்பதைக் காப்பகத்தார் கண்டிருந்தார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் இதையே படுக்கையோரத்துக்குக் கொண்டுவந்தார். ஏதென்ஸில் 1850-ல் காப்பாற்றி எடுத்துவந்த ஆந்தைக் குஞ்சைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர் அவர். செவிலியம் பற்றி 1859-ல் எழுதிய சிறு நூலில், நெடுநாள் நோயாளிக்குச் சின்னப் பிராணி நல்ல துணை என்கிறார். வருடக்கணக்கில் ஒரே அறையில் கிடப்பவருக்குக் கூண்டுப் பறவைதான் ஒரே சந்தோஷமாகவும் இருக்கலாம். அதோடு விடவில்லை: அதற்குத் தீனி வைக்கவும் இடத்தைச் சுத்தம் செய்யவும் நோயாளிக்கு முடியுமென்றால், அவரையே செய்யவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கடைசிக் குறிப்பில்தான் அன்றைய முறையின் உயிர் இருக்கிறது. அன்று நோயாளி பிராணியைப் பார்த்துக்கொண்டார். இன்று பிராணி நோயாளியைப் பார்க்க வருகிறது. நடுவில் நடந்தது என்ன?

முதலில் வந்தது கிருமி. பாஸ்டர், காக் ஆகிய விஞ்ஞானிகள் நோய்க்கிருமிகளை உலகுக்குக் காட்டிய பிறகு மருத்துவமனைகளின் முகமே மாறியது. சுவர்கள் வெள்ளையாயின, தரையில் கிருமிநாசினி மணத்தது. ரோமமும் இறகும் உள்ள எதற்கும் வார்டில் வேலை இல்லை என்றானது. அறுவைச் சிகிச்சையில் பிழைத்தவர்களின் கணக்கைப் பார்த்தால் அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் நாள்பட்ட நோயாளிகளும் முதியவர்களும் கிடந்த இடங்களுக்கும் அதே வெள்ளைச் சுவர் வந்தது. அங்கே மெதுவாகக் கொல்வது கிருமி மட்டும் அல்ல என்பது புரிய வெகுகாலம் ஆயிற்று.

கதவை மறுபடி திறந்தது ஒரு தற்செயல். நியூயார்க்கின் குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்ப்பவர். யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவன் ஒருநாள் குறித்த நேரத்துக்கு முன்பே தாயோடு வந்துவிட்டான். லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் ஓடிப்போய் அவனை நக்கியது. பையன் விலகவில்லை, அதைக் கட்டிக்கொண்டான். அடுத்தடுத்த சந்திப்புகளிலும் நாயோடுதான் விளையாட்டு. அந்த விளையாட்டுக்குள் லெவின்சன் மெல்ல நுழைந்தார். இதை 1961-ல் அமெரிக்க உளவியல் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது, சம்பளத்தில் நாய்க்கு எத்தனை பங்கு என்று கேலி செய்தவர்களும் உண்டு என்பார்கள். மறு ஆண்டே அவர் நாயைத் தன் 'துணை மருத்துவர்' என்றழைத்துக் கட்டுரை எழுதினார்.

கேலி அடங்க எண்கள் தேவைப்பட்டன. 1980-ல் எரிக்கா ஃப்ரீட்மேன் குழுவினர், இதயநோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய 92 பேரை ஓராண்டு கவனித்து முடிவை வெளியிட்டார்கள். வீட்டில் பிராணி வளர்த்த 53 பேரில் இறந்தவர்கள் 3 பேர். வளர்க்காத 39 பேரில் 11 பேர். சின்ன ஆய்வு. பிராணிதான் காப்பாற்றியது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மருத்துவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அதற்குள் தன்னார்வலர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். அமெரிக்காவில் 1976-ல் எலெய்ன் ஸ்மித் என்ற செவிலியர் 'தெரபி டாக்ஸ் இன்டர்நேஷனல்' தொடங்கினார். பிரிட்டனில் 1983-ல் 'பெட்ஸ் ஆஸ் தெரபி' பிறந்தது. ஆசியாவில் ஜில் ராபின்சன் 1991-ல் ஹாங்காங்கில் தன் கோல்டன் ரெட்ரீவர் மேக்ஸை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். அப்படி உருவான 'டாக்டர் டாக்' திட்டத்தில் சென்னை ப்ளூ கிராஸும் கைகோத்தது.

இன்று வார்டுக்குள் வரும் நாய் சும்மா வந்துவிடுவதில்லை. தடுப்பூசிச் சான்று வேண்டும், குணப் பரிசோதனையில் தேற வேண்டும். சக்கர நாற்காலி உரசிக்கொண்டு போகும், ஊன்றுகோல் தடாலென்று விழும், யாராவது திடீரென்று கத்துவார்கள். அப்போதெல்லாம் அது நிதானம் இழக்கக்கூடாது. அமெரிக்காவின் 'பெட் பார்ட்னர்ஸ்' அமைப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை நாயையும் அதன் ஆளையும் சேர்த்தே மறுபடி சோதிக்கிறது. பச்சை இறைச்சி தின்னும் நாய்க்கு அங்கே அனுமதி இல்லை, கிருமி தொற்றலாம் என்பதால். நாய் மட்டுமல்ல, பூனை, முயல், கினிப்பன்றி, பறவை, குதிரை, லாமா, குட்டிப் பன்றி, எலிகூட அந்த அமைப்பின் பட்டியலில் உண்டு. நாயின் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. கட்டிலில் ஏற்றினால் கீழே தனி விரிப்பு. தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். கிருமி மூடிய கதவைக் கிருமிக்கான விதிகளே திறந்துவிட்டிருக்கின்றன.

பலன் உண்டா? லாஸ் ஏஞ்சல்ஸின் யூசிஎல்ஏ மருத்துவமனையில் இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெற்ற 76 பேரிடம் பார்த்திருக்கிறார்கள். சிலரிடம் நாயும் தன்னார்வலரும் 12 நிமிடம் போனார்கள், சிலரிடம் தன்னார்வலர் மட்டும், மற்றவர்களிடம் யாரும் போகவில்லை. நாய் வந்துபோனவர்களுக்குப் பதற்றம் மற்றவர்களைவிட நன்றாகக் குறைந்தது. இதய, நுரையீரல் அழுத்தமும் தணிந்தது. இது கட்டிலோரத்தில் கிடைக்கும் ஆறுதல். நோய் தீர்ந்தது என்று அர்த்தமல்ல, அப்படி யாரும் சொல்லவும் இல்லை.

தனிமை விஷயத்தில் நிலவரம் இன்னும் சிக்கலானது. முதியோர் இல்லங்களில் உயிருள்ள நாயையும் சோனி நிறுவனத்தின் 'ஐபோ' இயந்திர நாயையும் வைத்துச் செய்த ஆய்வு 2008-ல் வெளியானது. இரண்டுமே தனிமையுணர்வைக் குறைத்தன, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நாய்ப் பிரியர்களுக்கு இது கசக்கலாம். எனக்குத் தோன்றுவது வேறு: வாரத்தில் சிறிது நேரம் வந்துபோகும் விருந்தாளி என்ற அளவில் நிறுத்திவிட்டால், உயிருக்கும் இயந்திரத்துக்கும் தூரம் குறைந்துவிடுகிறது. நாய்க்குப் பசிக்கும், முதுமை வரும், அது நம்மை நம்பி இருக்கும். அந்தப் பக்கமெல்லாம் வார்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

அந்தப் பக்கத்தையும் உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று ஒருவர் செய்தே பார்த்தார். நியூயார்க் மாநிலத்தின் நியூ பெர்லின் என்ற சிற்றூரில் சேஸ் மெமோரியல் முதியோர் இல்லம். 1991-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த இளம் மருத்துவர் பில் தாமஸ், அங்கிருந்தவர்களுக்கு மூன்று நோய்கள் என்றார்: சலிப்பு, தனிமை, கையாலாகாமை. இரண்டு நாய், நான்கு பூனை, நூறு கிளி. இவைதான் அவர் எழுதிய மருந்துச்சீட்டு. கிளிகள் வந்தபோது கூண்டுகள் வந்து சேரவில்லை. கொண்டுவந்தவர் அத்தனையையும் இல்லத்தின் அழகு நிலையத்தில் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். ஊழியர்கள் பிறகு கூண்டுகளைப் பொருத்திக்கொண்டு அல்லாடியதை முதியவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். கிளி ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் தத்தெடுத்துப் பெயர் வைத்தார்கள். நடக்க மாட்டார் என்று கருதப்பட்டவர், நாயை வெளியே நடத்திப்போகிறேன் என்று வந்து நின்றார். அருகிலிருந்த இன்னோர் இல்லத்தோடு ஒப்பிட்டபோது மருந்துத் தேவை பாதியாகவும் மரணங்கள் 15 சதவீதமும் குறைந்திருந்ததாக மருத்துவர் அதுல் கவாண்டே தன் 'பீயிங் மார்ட்டல்' நூலில் எழுதுகிறார். செடிகளும் குழந்தைகளும்கூட அந்த இல்லத்துக்குள் வந்தன என்பதால் எல்லாப் புகழும் கிளிகளுக்கே போகாது. ஆனால் வந்தவை எல்லாமே கவனிப்புக் கேட்பவை. நைட்டிங்கேல் சொன்ன தீனியும் சுத்தமும் அங்கே திரும்பி வந்தன.

அன்றைக்கு இல்லாத நன்மைகளும் இன்று உண்டு. யார்க் முற்றத்து வல்லூறிடம் அதற்கு அங்கே இருக்க விருப்பமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இன்று நாய் கொட்டாவி விடுகிறதா, உதட்டை நக்குகிறதா, முகத்தைத் திருப்புகிறதா என்று பார்க்கத் தன்னார்வலருக்குப் பயிற்சி தருகிறார்கள். அவை களைப்பின், மன அழுத்தத்தின் அடையாளங்கள். வருகைக்கு நேர வரம்பு வைத்திருக்கிறார்கள். பிராணிக்கும் ஒரு மனம் உண்டு என்று ஏற்றுக்கொண்டது நம் காலத்தின் பெருமை.

தனிமையும் இன்று வீட்டு விஷயமாக மட்டும் இல்லை. பிரிட்டன் 2018-லும் ஜப்பான் 2021-லும் அதற்கென்றே அமைச்சரை நியமித்தன. உலகில் ஆறில் ஒருவரை அது வாட்டுவதாகவும், ஆண்டுக்கு 8,71,000 மரணங்களோடு அதற்குத் தொடர்பு இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் 2025-ல் கணக்கிட்டது. இத்தனை பேருக்கு வாரத்துக்கு ஒரு நாய் என்று ஏற்பாடு செய்ய எந்த நாட்டிலும் ஆளில்லை. ஆகவே, கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களை எப்படிச் செலவிடுவது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

புனர்வாழ்வுப் பிரிவுகளில் விடை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. பக்கவாதத்தில் கை தளர்ந்தவரை நாய்க்குச் சீப்பு போடச் சொல்கிறார்கள், கழுத்துப்பட்டையின் கொக்கியை மாட்டச் சொல்கிறார்கள், பந்து எறியச் சொல்கிறார்கள். தசைக்குப் பயிற்சி என்பது மருத்துவக் காரணம். ஆனால் அந்தச் சில நிமிடங்களும் பார்த்துக்கொள்பவர் அவர்தான். வழக்கமான வருகைகளிலோ தன்னார்வலரிடம் பாசம், பொறுப்பு, தினசரி அலுவல் எல்லாம் இருக்கின்றன, நோயாளிக்குத் தடவிக்கொடுப்பது மட்டும்தான் மிஞ்சுகிறது. முதியோர் இல்லத்துக்கு நாயோடு போகும் எவரும் இந்தப் பங்கீட்டை மாற்றலாம். தண்ணீர்க் கிண்ணத்தையும் சீப்பையும் அங்கிருப்பவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வாரமும் இது உங்கள் வேலை என்று சொல்லிவிட்டு வரலாம். அதற்குப் புது விதி எதுவும் தேவையில்லை.